டயாகாந்தம்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

தண்ணீர், செம்பு, தங்கம், கண்ணாடி இவற்றுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சம்பந்தம் உண்டு. காந்தத்தைக் கண்டால் இவை மிக மெல்லிதாக விலகும். அந்தக் குணத்தின் பெயர்தான் டயாகாந்தம்.

1845-இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை வலிமையான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இரும்புத் துண்டாக இருந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி நீண்டு நின்றிருக்கும். கண்ணாடியோ மெல்லத் திரும்பிக் குறுக்கே நின்றது. பிஸ்மத் என்ற உலோகம் இதையே இன்னும் பளிச்சென்று செய்தது. கிரேக்கத்தில் 'டயா' என்றால் ஊடாக, குறுக்கே என்று பொருள். 'பாரா' என்றால் பக்கமாக, ஒட்டி. காந்தப் புலத்தின், அதாவது காந்தத்தின் விசை பரவும் வெளியின், போக்கிலேயே நிற்கும் பொருள்களுக்குப் பாராகாந்தம் என்ற பெயரை 1850-இல் ஃபாரடேக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹ்யூவெல். இரும்பைப் போல வலுவாக ஈர்க்கப்படும் குணம் ஃபெர்ரோகாந்தம்; அந்தப் பெயரில் இருப்பது இரும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

டயா, பாரா இரண்டும் பொருள் நிற்கும் நிலையைச் சொல்கின்றன; காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் எலக்ட்ரானில் இருக்கிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். எதிரெதிராக ஜோடி சேர்ந்துவிட்டால் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடும். அப்போதும் வெளியிலிருந்து புலம் பாய்ந்தால் எலக்ட்ரான்களின் ஓட்டம் சற்றே மாறி, அந்தப் புலத்துக்கு எதிரான காந்தத்தன்மை உண்டாகும். புலம் போனால் அதுவும் போய்விடும். இது எல்லாப் பொருளிலும் உண்டு, இரும்பிலும்கூட. அங்கே வலிய குணம் ஒன்று இதை மூடிவிடுகிறது.

ஆக்சிஜன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டு. அவை புலத்தின் பக்கம் திரும்பப் பார்க்கும், வெப்பம் கலைத்துவிடும். இளநீலத் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு நடுவே ஊற்றினால், கொதித்தபடியே இடைவெளியில் பாலம்போல் பிடித்து நிற்கும். இது பாராகாந்தம். இரும்பில் அண்டை அணுக்களின் குட்டிக் காந்தங்கள் தாமாகவே ஒரே திசையில் கூட்டங்கூட்டமாக அணிவகுக்கின்றன. இது ஃபெர்ரோகாந்தம். 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த அணி குலைந்து, இரும்பும் வெறும் பாராகாந்தமாகிவிடும்.

தமிழுக்கு வருவோம். காந்தம் என்ற சொல்லே 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். அதனால் ஃபெர்ரோகாந்தத்துக்கு அயக்காந்தம் அழகாகப் பொருந்தும். டயாகாந்தத்தைக் குறுக்குக்காந்தம் என்று பெயர்ப்பது சரியாகாது. பிஸ்மத் உருண்டைக்கு ஏது குறுக்கு? அது முனையைவிட்டு விலகத்தான் செய்யும். 1997-இல் நெதர்லாந்தில் சுமார் 16 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) புலத்தில் உயிருள்ள தவளை ஒன்று அந்தரத்தில் மிதந்ததே, அதைத் தாங்கியதும் பெரும்பாலும் உடம்பிலுள்ள தண்ணீரின் இந்த எதிர்ப்புதான். ஆகவே எதிர்க்காந்தம் என்பதே என் தேர்வு. பாராகாந்தத்தை இணைக்காந்தம் என்று சொல்வதைவிட நேர்க்காந்தம் என்பது மேல். ஆக்சிஜனில் அந்தக் குணம் வருவதே இணை சேராத எலக்ட்ரான்களால்தானே!