கன்னத்தில்தானே அடித்தோம் என்கிறீர்களே

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீடு வந்து சேரும் நாட்களில் என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான பிள்ளைகள் வருகிறார்கள். எட்டு, ஒன்பது, பத்து வயது இருக்கும். காதில் வலி, விடாத இரைச்சல், சிலருக்குச் சொட்டு ரத்தம். பெரும்பாலும் இடது காது. எதிரே நின்று வலது கையால் அறைந்தால் அடி விழுவது அந்தப் பக்கம்தான். மதுரையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த ஒரு விவரமே பாதியைச் சொல்லிவிடும்.

வாயால் சொல்லப்படும் கதை வேறு. "பந்து பட்டுவிட்டது டாக்டரம்மா." "பட்ஸை விட்டுக் குத்திக்கொண்டான்." பட்ஸ் குத்தியிருந்தால் காதுக்குழாயிலும் பெரும்பாலும் கீறல் இருக்கும். இங்கே குழாய் சுத்தமாக இருக்கிறது, செவிப்பறை மட்டும் கிழிந்திருக்கிறது. கிழிசலின் ஓரம் ஒழுங்கில்லாமல், காய்ந்த ரத்தத்தோடு தெரிகிறது. கருவி வைத்துப் பார்க்கிற என்னிடமே பந்துக் கதை சொல்கிறார்கள்.

போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிவந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்று வகுப்பில் அறை விழுந்ததாம். "டீச்சரைக் குறை சொல்லவில்லை. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்" என்றார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் குழந்தை முதலில் அம்மா முகத்தைப் பார்த்தது, பிறகுதான் பதில். தாயைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வகுப்பில் பாடம் காதில் விழுகிறதா என்று கேட்டேன். "கேட்கவில்லை என்றால் நடிக்கிறேன் என்கிறார்கள்" என்றாள். அடியால் காது மந்தமாகி, காது மந்தமானதற்கு மறுபடி திட்டு.

அந்தத் தாயின் பேச்சைத்தான் என்னால் விட முடியவில்லை. "நாங்களே அனுமதி கொடுத்தோம்" என்பதை எத்தனை பெற்றோர் எவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்கள்! அந்த அனுமதியைக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. பிள்ளை நீங்கள் பெற்றதுதான், வளர்ப்பதும் நீங்கள்தான். அதற்காக அதன் உடம்பை இன்னொருவர் கைக்கு எழுதிக்கொடுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெற்றோர் சம்மதித்தால் அடிக்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக்கு. அதற்கு மேலே பதினெட்டு வயது வரைக்கும் கேட்க ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் துன்புறுத்துபவருக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015, 75ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சட்டம்" என்பது அடுத்த பல்லவி. ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. 1992 டிசம்பரில் இந்தியா தானாகவே அதில் சேர்ந்தது. அதன் 19ஆம் பிரிவு, பெற்றோரானாலும் சரி, வேறு யாரானாலும் சரி, வன்முறையிலிருந்து குழந்தையைக் காக்கும் கடமையை அரசுக்குத் தருகிறது. 28ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்குகூடக் குழந்தையின் கண்ணியத்துக்குக் குறைவு வராமல் இருக்க வேண்டும் என்கிறது. தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தை பேச வேண்டும், அதைப் பெரியவர்கள் கேட்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டது ஸ்வீடன், 1979இல். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழியில் வந்துவிட்டன. பக்கத்து நேபாளமே 2018இல் செய்துவிட்டது. அங்கேயும் பிள்ளைகள் அடம்பிடிக்கத்தான் செய்கிறார்கள், பெற்றோரும் சமாளிக்கத்தான் செய்கிறார்கள்.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐம்பது வயதில் ஒரு பக்கம் காது கேட்கவில்லை என்று வருகிறவர்களின் செவிப்பறையில் பழைய ஓட்டையைப் பார்க்கிறேன். பள்ளி நாளில் வாத்தியார் அறைந்ததிலிருந்து அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை சொல்வதை அதன் சொற்களிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உடன் வந்தவர் மனம் நோகக் கூடாதென்று 'விளையாடும்போது காயம்' என்று எழுதிவிடாதீர்கள். பின்னால் அந்தக் குழந்தைக்கு இருக்கும் சாட்சி அந்தத் தாள் ஒன்றுதான்.

அடி விழுந்து காது வலித்தால் அன்றே கொண்டுவாருங்கள். பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். அப்பத்தா சொன்னாலும் ஊற்றாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் சீழ் வைக்கும். தலைக்குக் குளிப்பாட்டும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடையுங்கள். கண்மாய், கிணற்றுக் குளியல் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்த விடாதீர்கள். தலைசுற்றல் இருந்தாலோ முகம் ஒரு பக்கம் கோணினாலோ இரவென்றும் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். காதைத் திருகும் பழக்கத்தையும் விடுங்கள், அதுவும் அடிதான்.

யார் அடித்தது என்று சொல்ல வீட்டில் பயமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். குழந்தையே அழைக்கலாம், கட்டணம் இல்லை. பள்ளிக்குத் தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று ஒதுங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அறுவை சிகிச்சைதான். வலி நின்றுவிட்டது என்று மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். செவிப்பறை மூடிவிட்டதா, கேட்கும் திறன் முழுதாகத் திரும்பிவிட்டதா என்று ஆடியோகிராம் எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தக் காதை நான் விடுவேன்.