உருளைக்கிழங்கு மகரந்தத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கோல்ச்சிசின் பொடியைப் பார்த்துப் பயப்படுங்கள்

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். வீவக வீட்டுச் சமையலறையிலேயே திசு வளர்ப்பு, அதாவது உருளைக்கிழங்கு மகரந்தத்தைப் போத்தலில் வைத்துச் செடியாக்கும் வேலை, செய்யப் போகிறாராம், அதற்கு வேண்டிய கோல்ச்சிசின் என்ற ரசாயனம் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கூட வந்த அம்மாவுக்கு வேறு கவலை: "மகரந்தத்திலிருந்து செடியா? ஜீனை மாத்தின கிழங்கு பிள்ளைக்கு ஆகுமா?"

ஜீன், ஜீன், ஜீன்! எத்தனை பேருக்குச் சொல்வது? அம்மா, நாங்கள் எந்த ஜீனையும் நுழைப்பதில்லை. அரிசி மணி அளவு உருளைக்கிழங்கு மொட்டைப் பிரித்து, பச்சை கலந்த மஞ்சளில் இருக்கும் மகரந்தப்பையை எடுத்து, சர்க்கரையும் தாது உப்பும் கலந்த ஊடகத்தில் வைக்கிறோம். மகரந்தத் தூளாக முதிர வேண்டிய செல் வழி மாறிக் கருவாகிறது. சாதாரண உருளைக்கிழங்குச் செடிக்குக் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) 48, இதற்கு 24. அந்த 24 குரோமோசோம்களும் தாய்ச்செடி கொடுத்தவைதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையில் இதைக் காட்டியது 1964-இல். மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பம் அப்போது பிறக்கவே இல்லை. காட்டு உருளை இனங்கள் பலவற்றுக்கும் 24 என்பதால், அவற்றின் நோய் எதிர்ப்பைக் கொண்டுவர இந்தச் செடி கலப்புக்கு உதவும். (மாணவர்களுக்கு: மகரந்தப்பைச் சுவரிலிருந்தும் செடி வரும், அதற்கு 48-தான். குரோமோசோமை எண்ணாமல் கொண்டாடாதீர்கள்.)

சரி, தம்பிக்கு வருவோம். இந்த 24 குரோமோசோமை இரட்டிப்பாக்கும் கோல்ச்சிசின், நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சு. உள்ளே போனால் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்கள். சோறு வடிக்கும் இடத்தில் இதற்கு என்ன வேலை?

கிருமி நீக்கும் வேலையிலும் ஆபத்து உண்டு. ஸ்பிரிட் விளக்கு எரியும்போது ஸ்பிரிட் தெளிக்காதீர்கள். ஸ்பிரிட் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒரு மாணவியின் கையுறை உருகி விரலோடு ஒட்டியதைப் பிரித்தெடுத்தவள் நான். ப்ளீச்சையும் ஸ்பிரிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குக்கரில் வைக்கும் போத்தலின் மூடியைத் தளர்த்துங்கள்.

ஆசையை விடச் சொல்லவில்லை, தம்பி. புதினாத் தண்டில் பழகுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லித் தருகிறேன். அந்தப் பொடியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் சிங்க்கில் கொட்டாமல் பூட்டி வைத்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.