மூத்த குடிமக்கள் பஸ் டோக்கன்: கவுன்ட்டரில் அலையாமல் வாங்க

சென்னையில் வசிக்கும் 60 வயது முடிந்தவர்களுக்கு மாநகர் பஸ்ஸில் மாதம் 10 முறை இலவசப் பயணம் உண்டு. 2016-இல் வந்த திட்டம். ஆறு மாதத்துக்கான 60 டோக்கன்களையும் ஒன்றாகவே தருவார்கள்.

கேட்பது நான்கே பொருள்தான்: பூர்த்தி செய்த படிவம், குடும்ப அட்டை, வயதுச் சான்று, இரண்டு கலர் பாஸ்போர்ட் போட்டோ. வருமானச் சான்று வேண்டாம். இருந்தும் வயதானவர்கள் இரண்டு மூன்று முறை டிப்போவுக்கு அலைகிறார்கள்.

முதல் சிக்கல் குடும்ப அட்டை. மகன் வீட்டுக்கு வந்து பல வருடமாகியும் பெற்றோர் பெயர் ஊரில் உள்ள கார்டிலேயே இருக்கும். கவுன்ட்டரில் சென்னை முகவரிதான் கேட்பார்கள். மகன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால், முதலில் ஊர் கார்டில் நீக்க வேண்டும். இந்த இரண்டையும் இ-சேவை மையத்தில் முடித்துவிட்டு டோக்கனுக்குப் போங்கள். நீக்கினால் ஊர் கார்டில் அரிசி அளவு குறையலாம். வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

அடுத்தது வயது. பழைய ஆதார் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், தேதி இருக்காது. 60 முடிந்த ஆண்டிலேயே விண்ணப்பிப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார். பள்ளிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் எது இருந்தாலும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ், கையில் ஒரிஜினல். டிப்போ வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முழங்கால் வலியோடு வருகிறவரை ஒரு நகலுக்காகத் திருப்பி அனுப்புவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் அனுப்புகிறார்கள்.

காலம் முக்கியம். வழக்கமாக டிசம்பர் 21 முதல் ஜனவரி 31 வரையும், ஜூன் 21 முதல் ஜூலை 31 வரையும் டிப்போக்களிலும் முக்கியப் பேருந்து நிலையங்களிலும் கொடுப்பார்கள். முதல் வாரக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். கடைசித் தேதி தாண்டினாலும் "முடிந்துவிட்டது" என்ற பேச்சை நம்பித் திரும்பாதீர்கள். அதன் பிறகு அலுவலக நேரத்தில் வாங்கலாம்.

ஒரு டோக்கன் என்றால் ஒரு முறை ஏறுவது. நடுவில் பஸ் மாறினால் இன்னொன்று போகும். ஆஸ்பத்திரிக்கு ஒரு இடத்தில் மாறிப் போய்த் திரும்பினால் நான்கு காலி. மாதத்தில் மூன்றாவது முறைக்குப் போதாது. தூரத்துக்குக் கணக்கில்லை என்பதால், இரண்டு ஸ்டாப்புக்குக் காசு கொடுத்துவிட்டு, நீண்ட பயணத்துக்கு டோக்கனை வையுங்கள். ஏசி பஸ்ஸில் செல்லாது. போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

பெண்கள் கவனிக்க: 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில், அதாவது ஒயிட் போர்டில், எல்லா வயதுப் பெண்களுக்கும் இலவசம். எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. அங்கே டோக்கனை நீட்டி வீணாக்கும் பாட்டிமார் நிறையப் பேர். டோக்கன் டீலக்ஸிலும் செல்லும், அதற்கென்று வையுங்கள். ஒரே ரூட் நம்பரில் ஒயிட் போர்டும் வரும், டீலக்ஸும் வரும், எனவே போர்டைப் பார்த்து ஏறுங்கள். இலவசம்தானே என்று சீட்டு வாங்காமல் உட்காராதீர்கள். கண்டக்டர் தரும் இலவசச் சீட்டை இறங்கும் வரை வைத்திருங்கள், செக்கிங்கில் அதைத்தான் கேட்பார்கள்.

டோக்கனை வாங்க மறுத்தாலோ, கை காட்டியும் பஸ் நிற்காமல் போனாலோ, வண்டியின் பதிவு எண், ரூட், நேரம், ஸ்டாப் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போக்குவரத்துக் கழகத்தின் புகார் எண்ணான 149-க்குப் பேசுங்கள். வண்டி எண் இல்லாத புகார் நகராது.