செய்தி வரிசைக்கு நாடி பார்த்தல்

ஒரு மென்பொருள் அனுப்பும் வேலைகளை இன்னொன்று தன் வேகத்தில் எடுத்துச் செய்யும்வரை பத்திரப்படுத்தி வைப்பதே மேகக் கணிமையின் செய்தி வரிசைச் சேவை. இரு பக்கமும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. அதனாலேயே, பெறும் பக்கம் நின்றுபோனாலும் அனுப்பும் பக்கத்துக்குத் தெரியாது. இதைக் கவனிக்கவே நலச் சோதனை தேவைப்படுகிறது.

எதைக் கேட்பது என்பதில்தான் சிக்கல். இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்தால், அணுகல் உரிமை பறிபோனதோ வரிசையே அழிக்கப்பட்டதோ தெரியவராது. செய்தியொன்றை எடுத்தே பார்த்துவிடலாம் என்றால், சோதனையே வேலையைக் கெடுக்கும். அமேசானின் எஸ்.கியூ.எஸ். சேவையில் ஒருவர் எடுத்த செய்தி, அமைப்பை மாற்றாதவரை, 30 நொடிகளுக்குப் பிறர் கண்ணில் படாது. எடுக்கப்பட்ட எண்ணிக்கையும் ஒன்று கூடும். அது நாம் குறித்த வரம்பைத் தாண்டினால், ஒரு குறையுமில்லாத செய்திகூடத் தோல்வியுற்றவற்றுக்கான தனி வரிசைக்குத் தள்ளப்படும். ஆகவே அங்கே செய்தியைத் தொடாமல், எத்தனை செய்திகள் உள்ளன என்பது போன்ற வரிசையின் பண்புகளை மட்டும் விசாரிப்பதே முறை. மைக்ரோசாஃப்டின் அஸூர் சர்வீஸ் பஸ்ஸில் செய்தியைப் பூட்டாமல் எட்டிப் பார்க்க வழி உண்டு. அதற்குச் செய்திகளைப் பெறும் உரிமை போதும், பண்புகளை விசாரிக்கவோ நிர்வாக உரிமை வேண்டும். சோதனைக்காக அவ்வளவு பெரிய சாவியைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, பதிலை யாரிடம் சொல்வது? மென்பொருள்களைக் கொள்கலன்கள் எனும் தனித்தனி உறைகளில் இயக்கி மேற்பார்வையிடும் குபர்நெட்டிஸ் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை கேட்டு, 1 நொடிக்குள் பதிலை எதிர்பார்த்து, தொடர்ந்து 3 முறை தவறினால் தோல்வி என முடிவு செய்கிறது. மென்பொருள் உயிரோடு இயங்குகிறதா என்று பார்க்கும் உயிர்ச் சோதனை தோற்றால் கொள்கலன் மறுதொடக்கம் செய்யப்படும். வரிசையின் நிலையை அதில் சேர்த்தால், எங்கோ தொலைவில் சேவை சற்றுத் தடுமாறியதற்காக நம் கொள்கலன்கள் அனைத்தும் ஒன்றாக விழுந்து எழும். அதனால் வரிசை குணமாவதில்லை, எழுந்தவை ஒரே நேரத்தில் இணைய முண்டியடிப்பதுதான் மிச்சம். வரிசையைப் பின்னணியில் விசாரித்து, கடைசி விடையை, வேலையை ஏற்கத் தயாரா என்று மட்டும் பார்த்து, தோற்றாலும் மறுதொடக்கம் செய்யாத தயார்நிலைச் சோதனைக்குத் தருவது மேல்.

தேங்கிய செய்திகளின் எண்ணிக்கையைவிட, மிகப் பழைய செய்தியின் வயதே நல்ல அளவுகோல். வேகமாகக் கரையும் பத்தாயிரம் செய்திகள் கவலைக்குரியவை அல்ல. ஒரு மணி நேரமாக அசையாத மூன்று செய்திகள் கவலைக்குரியவை. எஸ்.கியூ.எஸ். ஒரு செய்தியை இயல்பாக 4 நாள், அதிகபட்சமாக 14 நாள் வைத்திருந்து அழித்துவிடும். சாதாரண வரிசையில் தோல்வியுற்ற செய்தி தனி வரிசைக்கு மாறினாலும் அது அழிக்கப்படும் கெடு முதலில் சேர்ந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், எச்சரிக்கை மணியை அந்த வரிசையிலும் கட்டி, அங்கே தக்கவைக்கும் காலத்தை முதல் வரிசையைவிட நீளமாக வைக்க வேண்டும்.