ஜவ்வு விலகவில்லை, தயவுசெய்து முதுகை மிதிக்காதீர்கள்

போன வாரம் ஒரு லாரி ஓட்டுநரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து என் பிசியோதெரபி அறைக்குள் கூட்டி வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். நான்கு நாட்களாக இடுப்பு வலி. முதுகில் சொடக்கு எடுக்கும் வீடியோவைப் பார்த்த மகன், முந்தின நாள் சாயங்காலம் அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டியைக் கொடுத்து அழுத்தி முறுக்கியிருக்கிறான். சடக்கென்று சத்தம் வந்ததாம். ராத்திரி நன்றாகத் தூங்கினாராம். காலையில் எழுந்தால் இரண்டு காலும் மரத்துக் கிடக்கிறது.

"கொஞ்சம் தட்டி எடுத்துவிட்டா சரியாயிடும் சார்" என்றான் மகன்.

"ஒண்ணுக்குப் போனாரா?" என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார். "நேத்து ராத்திரி போனதுதாங்க. முட்டுது, ஆனா வரமாட்டேங்குது."

தொடை இடுக்கில் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை. முதுகில் கையே வைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கியதற்கான அறிகுறிகள் இவை. பிசியோதெரபி செய்கிற நேரமில்லை, அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம். மகன் அழுத்தியதால்தான் வந்ததா, எப்படியும் வரவிருந்ததா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் முதல் கேள்வியை யாரும் கேட்காமலே முட்டியை வைத்துவிட்டார்கள். இந்த வருஷத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லாம் 'ஜவ்வு விலகிடுச்சு' என்ற இரண்டு சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. விலகியது என்றால் தள்ளி உள்ளே வைத்துவிடலாம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆனால் நாம் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க், அதாவது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, அலமாரியில் அடுக்கிய சோப்புக் கட்டி அல்ல. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் ஒட்டி வளர்ந்தது, அப்படியே வழுக்கிக்கொண்டு போகாது. அதன் ஓரம் பிதுங்கலாம், உள்ளே இருக்கும் கூழ் வெளியே கசியலாம். அப்படிக் கசிந்ததையும் உடம்பு பல பேருக்குச் சில மாதங்களில் தானே கரைத்துவிடுகிறது. வெளியிலிருந்து கட்டைவிரலால், குதிகாலால், பூரிக்கட்டையால் (ஆமாம், பார்த்திருக்கிறேன்) அதை உள்ளே தள்ள முடியாது.

"ஸ்கேன்லயே போட்டிருக்கே சார்" என்பீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 80 வயதில் அது 84 சதவீதம். நரை விழுவது போலத்தான் இதுவும். ஸ்கேன் காகிதத்தில் எல்4-எல்5 (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே) என்று இருப்பதைப் படித்துவிட்டு மூன்று மாதம் குனியாமல் இருந்தவரை எனக்குத் தெரியும். டிஸ்க் கெடுத்ததை விட அந்த பயம்தான் அவர் முதுகை அதிகம் கெடுத்தது.

எங்கள் பிசியோதெரபி ஆட்களையும் சொல்ல வேண்டும். "எலும்பு நகர்ந்திருக்கு, ஏற்றிவிடறேன்" என்று சொல்லிப் பத்து சிட்டிங் எழுதுகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, அந்தச் சத்தம்? மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு வாயுக்குழி உண்டாகும்போது வருவது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்ஆர்ஐயில் படம்பிடித்து இதைக் காட்டியிருக்கிறார்கள். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை. சத்தம் வராவிட்டால் காசு வீண் என்று முகத்தைச் சுருக்குகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

மூட்டை மெல்ல அசைத்துவிட நாங்கள் செய்யும் மொபிலைசேஷனைப் பார்த்தால் உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் ஒரு தலையணை. முதுகெலும்பின் முள் முனையில் இரண்டு கட்டைவிரலையோ உள்ளங்கையின் ஓரத்தையோ வைத்து, நொடிக்கு இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி அழுத்தி விடுவது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். நிறுத்தி, "இப்ப எப்படி இருக்கு, காலுக்கு இறங்குதா?" என்று கேட்பது. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெய்ட்லண்ட் இந்த அழுத்தத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். வலி அதிகமாக இருந்தால் முதல் இரண்டு படி: மூட்டின் இறுக்கத்தைத் தொடாத அசைவு. விறைப்புதான் பிரச்சினை என்றால் மூன்றும் நான்கும். சட்டென்று உதறித் தள்ளுவது இவற்றுக்கெல்லாம் அப்பால், ஐந்தாவது. முதல் நான்கிலும் நீங்கள் "போதும்" என்றால் என் கை நின்றுவிடும். ஐந்தாவதில் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதில் குறைவது வலி; எதுவும் இடம் மாறி உட்காருவதில்லை. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்துக்குள் நடக்கவும் குனியவும் பயிற்சி செய்யவும் வைத்துவிட வேண்டும். கையை வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுங்கள் என்று அனுப்பினால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு போகும் என்று நம்புகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உதைக்கிறவர் எப்படிப் பிறந்தால் என்ன, உதை வாங்குகிற பாட்டியின் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்கள், வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதுகில் யாரும் காலும் வைக்க வேண்டாம், முட்டியும் வைக்க வேண்டாம். ராத்திரியில் எழுப்புகிற வலி, சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் முதுகெலும்பில் காசநோயாகவும் இருக்கலாம். நம் ஊரில் அது அபூர்வமில்லை. முதலில் டாக்டர், அப்புறம்தான் நாங்கள்.

சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமலே போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே பெரிய ஆஸ்பத்திரி.

மற்றபடி சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். நடமாடுங்கள், படுத்தே கிடக்காதீர்கள். எங்களிடம் வருவதானால் ஸ்கேன் உறையை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல், தினம் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு வாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.