பழைய கார் பில்லர், ஃப்ரண்ட் கட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய 17 இலக்க விதி

பழைய கதவோ பானெட்டோ பொருந்தாவிட்டால் போல்ட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), சைடு மெம்பர் (பாடியின் நீளவாக்குச் சட்டம்), ஃப்ளோர், ஃப்ரண்ட் கட் (வேறொரு காரிலிருந்து மொத்தமாக வெட்டியெடுத்த முன்பகுதி) எல்லாம் அப்படியல்ல. வெட்டி வெல்டிங் வைத்த பிறகு திருப்பிக் கொடுக்க வழியில்லை. 'அதே மாடல், அதே வருஷம்' என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது. உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பரையும், பாகம் எடுத்த வண்டியின் சேசிஸ் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பர் என்பது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த, ஒவ்வொரு வண்டிக்கும் தனியான 17 இலக்க அடையாள எண்.

இந்த எண்ணுக்கு ஐஎஸ்ஓ 3779 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1981 மாடல் வண்டிகளிலிருந்து 17 இலக்கம் கட்டாயம். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால். விற்பவர் எழுதிக்கொடுத்த எண்ணில் 'ஓ' இருந்தால் அங்கேயே ஏதோ தப்பு.

முதல் 3 இடங்கள் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். எம்ஏஎல் என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரான ஹூண்டாய், கேஎம்ஹெச் என்றால் கொரியாவில் தயாரானது. பெயர் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு நாட்டு வண்டிகளின் பாடி ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த 6 இடங்களில் மாடல், பாடி வகை போன்ற விவரங்கள். 3 கதவு வண்டியா 5 கதவு வண்டியா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியும். கடைசி 8 இடங்கள் அந்த ஒரு வண்டிக்கே உரியவை.

பத்தாவது இடத்தைத் தனியாகப் பாருங்கள். வட அமெரிக்காவில் அது மாடல் ஆண்டு: எல் என்றால் 2020, எம் 2021, என் 2022. 2021 கடைசியில் வெளிவந்த வண்டியில் 'என்' இருக்கலாம். பதிவு ஆண்டை மட்டும் பார்த்து வாங்கினால் ஃபேஸ்லிஃப்டுக்கு (அதே மாடலின் தோற்றத்தைப் புதுப்பிப்பது) முந்தைய பாகம் கையில் வந்து சேரலாம். எல்லா நிறுவனமும் இந்த இடத்தை ஆண்டுக்காக வைப்பதில்லை. அதனால் முழு எண்ணையும் நிறுவனத்தின் பாகப் பட்டியலில் போட்டு, வரும் பார்ட் நம்பரைச் சரிபார்ப்பதுதான் உறுதியான வழி. ஸ்டியரிங் எந்தப் பக்கம், சன்ரூஃப் உண்டா, பக்கவாட்டு ஏர்பேக் உண்டா என்பதையெல்லாம் பொறுத்து ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகடு) கூரையும் பில்லரும் மாறும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே இருக்கும் இரும்பின் தடிமனும் ரகமும் வேறாக இருக்கலாம். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டவே கூடாது என்பதற்கு நிறுவனத்தின் ரிப்பேர் மேனுவல்தான் கணக்கு. சூடாக்கவே கூடாத அதிவலு எஃகு பில்லர்களும் உண்டு.

சட்டச் சிக்கல் வருவது நம்பர் பொறித்த இடத்தில். ஃபயர்வாலிலோ, சீட்டுக்கு அடியில் ஃப்ளோரிலோ, ஷாக் அப்சார்பர் மேற்பகுதியிலோ சேசிஸ் நம்பர் குத்தியிருப்பார்கள். வாங்கும் ஃப்ரண்ட் கட்டில் அந்த இடமும் சேர்ந்து வந்தால், ஒரே வண்டியில் இரண்டு நம்பர் ஆகிவிடும். 'பழைய நம்பரைத் தேய்த்துவிடலாம்' என்று ஒர்க்‌ஷாப்பில் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம்பரைத் தேய்ப்பதும் மாற்றுவதும் பல நாடுகளில் குற்றம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை. அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டிய பாகமாகக் கேளுங்கள். வேறு வழியே இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நம்பரைச் சுற்றி கிரைண்டர் கோடு, புதுப் பெயின்ட், ஒரே வரிசையில் நிற்காத எழுத்துகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பாகம் எடுத்த வண்டிக்கு என்ன ஆனது என்பதையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து விபத்து வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று பிரிக்கிறார்கள். ஏ வகையில் முழு வண்டியையும் நசுக்க வேண்டும். பி வகையில் உதிரி பாகங்களை எடுக்கலாம், ஆனால் பாடி ஷெல்லை நசுக்கிவிட வேண்டும். ஆக, பி வகை வண்டியிலிருந்து வெட்டிய பில்லர் என்றால் அது விற்பனைக்கே வந்திருக்கக் கூடாது.

பில்லில் 'பழைய பாகம்' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். பாகம் எடுத்த வண்டியின் 17 இலக்கமும், பார்ட் நம்பரும், விற்பவர் விவரமும் அதில் இருக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பாகத்தைப் படம் எடுத்து அந்தப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் அதைக் கேட்கலாம்.