விரல் நுனியில் 140 வந்தால்: வீடு தேடி வரும் சுகர் பரிசோதனையும் அதற்கு அடுத்த படியும்

வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் விரலில் குத்தி, கருவியைப் பார்த்து, "172 இருக்கு, ஒருக்கா ஆசுபத்திரிக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அதற்குப் பிறகு இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. 'சுகர் வந்துட்டு' என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டுக்காரர் போடும் மாத்திரையையே கடையில் வாங்கிப் போடுவது ஒன்று. 'மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு தின்னேன், அதான்' என்று சொல்லி விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து.

அந்த விரல் பரிசோதனை சல்லடை மட்டுமே. 30 வயது தாண்டிய எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும் என்பது தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த வேலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. சாப்பிட்ட நேரம் பாராமல் எடுக்கும் அந்த அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 140க்கு அவ்வளவுதான் பொருள். நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதனால் முடியாது.

அதைச் சொல்வது கை நரம்பில் எடுக்கும் இரத்தம். வெறும் வயிற்றில் 126 அல்லது மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது மேல், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது மேல் என்றால் நீரிழிவு. அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை இருக்கும்போது எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 தாண்டினால் அதுவும் நீரிழிவே. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு நாளிலோ இன்னொரு வகைப் பரிசோதனையிலோ உறுதி செய்ய வேண்டும். "திரும்ப ஒருக்கா பாத்துட்டு மாத்திரை எழுதுவீங்களா?" என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

குமரி மாவட்டத்தின் 9 ஒன்றியங்களிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. அதற்கு மேல் பார்க்க வேண்டியவர்களைத் தக்கலையிலுள்ள அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். கட்டன் சாயா, சீனி போடாவிட்டாலும், வேண்டாம். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்து 'நல்ல' அளவு வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் ஏமாறுவது டாக்டர் அல்ல. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், முதல் இரத்தம் கொடுக்கும்வரை அன்று காலை மருந்தைப் போடக் கூடாது. பிறகு வழக்கமான காலைச் சாப்பாட்டோடு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு, 2 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது இரத்தத்துக்கு நிற்க வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே அந்த இரண்டாவது பரிசோதனை. 2 மணி நேரத்தை முதல் வாய் சாப்பாட்டிலிருந்து எண்ணுங்கள், கை கழுவியதிலிருந்து அல்ல. வரிசை நீண்டு, வெறும் வயிற்றில் வேர்த்து நடுங்கினால் சமாளித்து உட்கார்ந்திருக்காமல் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். 70க்குக் கீழ் போயிருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இதில் தனிச் சிக்கல். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், மரம் மரமாக நடந்து வெட்டி, பாலும் எடுத்த பிறகு, 'இன்னும் ஒண்ணும் சாப்பிடல' என்று வந்து இரத்தம் கொடுத்தால் அது ஓய்வில் இருக்கும் உடம்பின் அளவு அல்ல. உழைப்பு சர்க்கரையை மாற்றிவிடும். மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் போவது நல்லது.

கருவிக்கும் லேபுக்கும் எண் ஒத்துப்போகவில்லை என்பது அடுத்த புகார். குளுக்கோமீட்டரில் 100க்கு மேலுள்ள அளவுகளுக்கு 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கத் தர விதியே இடம் கொடுக்கிறது. லேபில் 200 என்றால் கருவி 170 காட்டினாலும் 230 காட்டினாலும் கருவி கெட்டதாக ஆகாது. ஆனால் உண்மையான பிழைகளும் உண்டு. ஏத்தன் பழமோ பலாச்சுளையோ உரித்த கை, அக்கானி (பதநீர்) பட்ட விரல், இவற்றில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை ஏற்றிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை குத்தக் கூடாது. விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. இரத்தம் வரவில்லை என்று பிதுக்கிப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். கையைக் கீழே தொங்கவிட்டு, வெந்நீரில் கழுவினாலே போதும். பரிசோதனை ஸ்டிரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் கடற்கரை ஈரத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். லேபிலும் தவறு வரும்: சர்க்கரை குறையாமல் காக்கும் ஃபுளோரைடு இல்லாத குழாயில் இரத்தத்தை மணிக்கணக்கில் வைத்திருந்தால், இரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்று அளவைக் குறைத்துவிடும்.

எச்பிஏ1சி வந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரும்புச் சத்துக் குறைந்த சோகையில் அது கூடுதலாகவும், இரத்தப் போக்குக்கோ இரத்தம் ஏற்றியதற்கோ பிறகு குறைவாகவும் காட்டக்கூடும்.

நோய் உறுதியானதும் தொற்றா நோய்ப் பிரிவில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்திலோ தனியாரிடமோ பார்ப்பவர்கள் அந்தச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த மருந்து விவரத்தோடு இங்கேயும் பதிவாகலாம். எல்லோருக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும் என்பது தவறான எண்ணம். திட்டம் தொடங்கியபோது வகுத்தபடி, 45 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாத மற்றவர்களுக்குமே வீடு தேடி மருந்து. மற்றவர்கள் நிலையத்துக்குப் போய் வாங்க வேண்டும். வீட்டுக்கு மருந்து வந்தாலும் டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது: ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணின் விழித்திரை, பாத உணர்ச்சி, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தெருவுக்குத் தன்னார்வலர் வரவே இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். விவரம் கேட்க 104க்கு அழைக்கலாம்.

தூத்தூர், குளச்சல் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், திரும்பிவரும் நாளை முன்கூட்டியே சொல்லி அதற்கேற்ற மாத்திரையை எண்ணி வாங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் படகின் ஐஸ் அறைக்குள் குப்பியை வைத்துவிடுகிறார்கள். ஐஸோடு ஒட்டி உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், வேலை செய்யாது. திறக்காத குப்பிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. அதைத் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் ஐஸ் படாமல் வைக்க வேண்டும். திறந்த குப்பி வெயில் படாத நிழலில் சுமார் 4 வாரம் தாங்கும்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கி 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து 140 அல்லது மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி. அதற்குப் பிறகு என்றால் பரிசோதனையைத் தொடரலாம். முதல் பதிவில் ஒன்று, அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. பேறுகாலத்துக்குப் பிந்தைய ஆறாவது வாரப் பரிசோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதே வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசி. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய் அன்று காலைச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு போனால் ஒரே நடையில் இரண்டும் முடியும்.